பத்தொன்பது முறை புறப்பட்டவர்

அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களிலேயே, விமானம் ஏறாமல் அதிக முறை விமான நிலையத்துக்குப் போய் வந்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் ஆபீஸ் 'ட்ரை ரன்' முதல் பரிசையும் வாங்குவார், இரண்டாம் பரிசையும் வாங்குவார். மூன்றாம் பரிசுக்கு ஆள் கிடைக்காது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். நியூஜெர்சி எடிசனில் எங்கள் ஆபீஸில் டெஸ்டர். நான் அங்கே டெவலப்பர். நான் எழுதுகிற ப்ரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதற்காக அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள், கொடுக்காவிட்டாலும் கண்டுபிடித்திருப்பார். எதையும் நிஜமாகச் செய்வதற்கு முன்னால் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. எங்கள் தொழிலில் அதற்கு ட்ரை ரன் என்று பெயர். பெயர் தொழிலை விட்டு நகர்ந்து ஆளின் மேல் உட்கார்ந்துகொண்டது.

மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பே அதே கடையில் அதே கேக்கை வாங்கி வெட்டிப் பார்த்தார். சாம்பிள் விருந்தாளிகளாக நானும் இன்னொருவரும் போயிருந்தோம். மறுவாரம் நிஜ கேக் வந்தபோது அந்தக் குழந்தை மெழுகுவர்த்திகளைப் பார்த்து, "அகெய்ன்?" என்று சலித்துக்கொண்டது. அவர் மனைவி எங்களைப் பார்த்த பார்வையில், இந்த மனிதரோடு நான் குடும்பம் நடத்துகிறேன் பாருங்கள் என்ற பெருமையும் இருந்தது, புகாரும் இருந்தது.

ஒரு தடவை என் மாமியார் தனியாக ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. விமானம் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து. லஞ்ச் டேபிளில் இதைச் சொன்னது என் தவறு.

"எப்படிங்க போறீங்க?"

"கார்லதான் பாஸ். நான் டிரைவ் பண்ணி விட்டுட்டு வந்துருவேன்."

"கார்லயா!" என்று கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க, நேத்துப் போன ரோடு இன்னிக்கும் அப்படியேவா இருக்கும்? ஒரு ஆக்சிடென்ட் ஆச்சுன்னா ஃப்ரீவேலயே நின்னுக்க வேண்டியதுதானுங்க. ரயிலுக்கு டைம்டேபிள் இருக்குதுங்க. டெஸ்ட் பண்ணலாமுங்க."

விடமாட்டார் என்று தெரிந்து, வரும் சனிக்கிழமை ஒத்திகைக்கு ஒப்புக்கொண்டேன். எடிசன் ஸ்டேஷனில் பெரிய பெட்டியோடு நின்றார். தூக்கிப் பார்த்தேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

"உள்ள என்ன பாஸ்?"

"அரிசிங்க. இருபத்து மூணு கிலோ. டெஸ்ட் டேட்டா ரியலா இருக்கோணுமுங்க."

எடிசனிலிருந்து நியூயார்க் பென் ஸ்டேஷன். அங்கே இறங்கி, நியூயார்க்கிலேயே இருக்கிற ஜமைக்கா ஸ்டேஷனுக்கு இன்னொரு ரயில். அங்கிருந்து விமான நிலையத்துக்குள் ஓடுகிற குட்டி ரயில். எந்தப் பெட்டியில் ஏறினால் லிஃப்டுக்கு நேராக இறங்கலாம், எங்கே பாத்ரூம், முட்டிவலிக்காரர்கள் எங்கே உட்காரலாம் என்று எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஹட்சன் நதிக்கு அடியில் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, "பார்டர் தாண்டறோமுங்க" என்றார். வெளியே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

"ஸ்டேட் பார்டர்தானே பாஸ். யார் என்ன கேக்கப் போறாங்க?"

"ஒண்ணும் கேக்காத பார்டர்தானுங்க நல்ல பார்டர்."

டெர்மினல் வாசல் வரைக்கும் போனோம். கதவு தானாகத் திறந்தது. அவர் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. மணியைப் பார்த்தார், நோட்டில் குறித்தார், பெட்டியைத் திருப்பினார்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதானுங்க. இதுக்கு மேல ஒத்திகையில்லீங்க, நெசம், ப்ரொடக்‌ஷனுங்க."

வாசலில் குப்பைத்தொட்டியைக் காலி செய்துகொண்டிருந்த வயதான பெண்மணி அவரைப் பார்த்துச் சிரித்து, இன்றைக்கும் போகவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவரும் சிரித்து, அடுத்த தடவை என்றார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். என் மாமியாருக்காக வந்த ஆளை அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

திரும்பும்போது ரயிலில் சொன்னார். அவர் ஊருக்குப் போய் ஏழு வருடமாகிறது. இங்கே வேலை பார்க்க அனுமதி இருக்கிறது, ஆனால் பாஸ்போர்ட்டில் குத்திய விசா காலாவதியாகிவிட்டது. இருக்கும் வரை இருக்கலாம். வெளியே போனால், அங்கே உள்ள அமெரிக்கத் தூதரகம் புதிதாக விசா குத்திக் கொடுத்தால்தான் திரும்பி வரலாம். கொடுப்பார்கள், கொடுக்க மாதக்கணக்கில் ஆகலாம், கொடுக்காமலும் போகலாம். கிரீன் கார்டு வரிசையோ அவர் ஆயுளைவிட நீளம். அம்மா போனில் எப்போது வருகிறாய் என்று கேட்கிற வாரமெல்லாம், சனிக்கிழமை அரிசியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டுப் போவார்.

"இது பத்தொம்பதாவது தடவைங்க" என்றார், ஏதோ புள்ளிவிவரம் சொல்வது போல.

இந்தக் கதையை லஞ்ச் டேபிளில் எப்படி எடுத்துவிடலாம் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தவன் நான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மாமியாரைக் காரில்தான் கொண்டுபோய் விட்டேன். அதற்காக ட்ரை ரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த மாதமே அவர் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன். ஒரே பிள்ளை. மூன்று மாதம் வேலையைப் பிடித்து வைக்கிறோம், அதற்கு மேல் முடியாது என்றது கம்பெனி. மனைவி, பள்ளிக்கூடம் போகிற மகள், வீட்டு வாடகை, எல்லாம் இங்கே. போகாமல் இருப்பதற்கு ஆபீஸே ஆளுக்கொரு காரணம் எடுத்துக் கொடுத்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு டிக்கெட் போட்டார்.

காரில் விடுகிறேன் என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. மகள் பள்ளியிலிருந்தாள், மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பெட்டியில் இந்தத் தடவை அரிசி இல்லை, அம்மாவுக்கு வாக்கர், முட்டிக்குப் போடுகிற உறை, சாக்லேட். சுரங்கத்தில் பாஸ்போர்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"திரும்ப வர முடியலன்னா என்ன பண்ணுவீங்க பாஸ்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதுக்கு ட்ரை ரன் கெடையாதுங்களே" என்றார்.

டெர்மினல் வாசலுக்கு வந்தோம். கதவு திறந்தது. மணியைப் பார்த்தார், நோட்டை எடுத்தார், குறித்தார், பெட்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"பாஸ்! எங்க போறீங்க? இன்னிக்கு உள்ள போகணும்!"

நின்றார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காலுக்குப் பழகிப்போச்சுங்க" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. நான் பெட்டியை வாங்கித் திருப்பி, அவர் முதுகில் கை வைத்து, கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். அதற்கு மேல் அவரே போனார்.

பதினோரு வாரமாகிவிட்டது. விசா பரிசீலனையில் இருக்கிறது, காத்திருங்கள் என்கிறார்கள். கம்பெனி கொடுத்த கெடுவில் இன்னும் இரண்டு வாரம் பாக்கி. போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோம். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார்களாம்.

"போனது தப்புன்னு தோணுதா பாஸ்?"

"ஆஸ்பத்திரில என்னைப் பாத்ததும் அம்மா மொதல்ல என்ன சொன்னாங்க தெரியுங்களா? சாப்பாடே போடறதில்லையா அங்க, இப்படி எளச்சுப் போயிட்டியேன்னாங்க. ஏழு வருசத்துல பதினோரு கிலோ ஏறியிருக்கறனுங்க!"

இரண்டு பேரும் சிரித்தோம்.

இந்த ஆபீஸில் நான் சிரித்த சிரிப்பில் பாதி அவரை வைத்துச் சிரித்தது. அதற்கெல்லாம் நேரில் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். போனில் கேட்கிற விஷயமில்லை அது. சீக்கிரம் வந்து சேருங்கள் பாஸ்.