வேண்டாமென்றால் வேண்டாம்

ஒருவர் "வேண்டாம்" என்றால் அதற்கு வேண்டாம் என்றுதான் பொருள் என நம்பினேன். நான் செய்த குற்றம் இவ்வளவுதான். இதற்கு எங்கள் வீட்டில் இன்றுவரை மன்னிப்புக் கிடையாது.

அப்போது மருதனார்மடத்தில் ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஆங்கிலத்தோடு நாகரிகமும் இலவசம். மறுத்தவரைத் திரும்பத் திரும்பக் கேட்பது அவமரியாதை என்றார் படிப்பித்த சேர். நான் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். (சோறு போட்ட அம்மாவுக்கு 'தாங்க்யூ' சொல்லி, "நான் என்ன பிறத்தியோ?" என்று வாங்கிக் கட்டியதும் அந்த நாட்களில்தான்.)

அக்காவைப் பெண் பார்க்கக் கரவெட்டியிலிருந்து மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் வந்தார்கள், சொன்ன நேரத்துக்கு வெகு முந்தியே. அம்மாவும் அப்பாவும் கோயிலில். போனில் மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்து மயங்கியிருந்த அக்கா, அறைக்குள் சேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வரவேற்க நான்தான் மிஞ்சினேன்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சிட்டு வாறம்."

"சரி."

மேசையில் பயற்றம் பணியாரம் இருந்தது. அதுவும் வேண்டாமாம். தாய்மாமனின் கண் மட்டும் தட்டை விட்டு அசையவில்லை. அவருக்கு இடைஞ்சல் போலும் என்று தட்டைத் தூக்கி உள்ளே வைத்தேன். எவ்வளவு மரியாதை!

அக்காவைப் பார்த்த கையோடு எழுந்துவிட்டார்கள். கோயிலிலிருந்து திரும்பி, வாசல் படலையில் எதிர்ப்பட்ட அம்மாவிடம் "பிறகு கதைப்பம்" என்றுவிட்டு நடந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பச்சைத் தண்ணீரும் தொடாமல் போனால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். அக்கா அழத் தொடங்கினாள்.

"எத்தினை தரம் கேட்டனீ?" என்றார் அம்மா.

"ஒருக்கா."

"ஒருக்காவோ! விசரி, வேண்டாமெண்டா வேண்டாமோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓம், குடிப்பம் என்றால் வாய் வெந்துபோகுமா? மூன்று தரம் கெஞ்ச வேண்டுமாம், முதல் இரண்டு மறுப்பும் சும்மாவாம். பொய் சொன்னது அவர்கள், ஏச்சு எனக்கு!

அடுத்த நாள் அப்பா கரவெட்டிக்கு ஓடினார். "உங்களுக்கு எங்களைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டெல்லோ நினைச்சனாங்கள்" என்றார்களாம். அப்பா என் ஆங்கிலத்தின் மேல் பழியைப் போட்டு, வைத்ததையெல்லாம் மறுக்காமல் தின்று, கலியாணத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்.

இப்போது அக்கா வீட்டுக்குப் போனால், அவளுடைய மாமியார் எல்லோருக்கும் கேளாமலே தேத்தண்ணி கொடுப்பார். என்னிடம் மட்டும், "பிள்ளை, குடிக்கிறியோ?" என்று கேட்பார். இந்த முறை ஓம் என்றே சொல்வது என்று பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டுதான் போவேன். பாழாய்ப்போன வாய், "வேண்டாம் மாமி, இப்பதான் குடிச்சனான்" என்றுவிடும்.

"சரி பிள்ளை" என்று அவர் தட்டோடு உள்ளே போவார். குசினிக்குள் அக்கா சிரிப்பது கேட்கும்.