விமர்சனக் கூட்டத்துக்கு அக்காவும் வந்தாள்

விமர்சனத்துக்கு அஞ்சாதவனே கலைஞன் என்று சொல்கிறவர்கள் யாரும் அக்காவோடு விமர்சனக் கூட்டத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். நான் போனேன்.

எண்பதுகளில் விழுப்புரத்தில் கல்லூரி மாணவன் நான். பள்ளியில் கூடப் படித்த செல்வத்தின் மேல் எனக்கிருந்த காதலைப் படக்கதையாக வரைந்து, திண்டிவனத்து நண்பர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைக்குப் புனைபெயரில் அனுப்பிவிட்டேன். (செல்வத்தை 'முத்து' ஆக்கினேன். என் முகத்தை மாற்ற மறந்துவிட்டேன்.)

அந்த இதழுக்கு ஒரு டுடோரியல் மாடியில் விமர்சனக் கூட்டம். போகவும் பயம், போகாமலிருக்கவும் பயம். திண்டிவனத்தில்தான் அக்காவின் புகுந்த வீடு. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாமென்று அங்கே நுழைந்தது வினையாகப் போயிற்று.

"கூட்டமா? நானும் வர்றேன்டா. வூட்லயே இருந்துக்கினு பேஜாரா இருக்குது" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இதழ் கைமாறிக்கொண்டே வந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முதலில் எழுந்த தமிழாசிரியர், "இந்த முத்து உண்மையில் ஒரு பெண். ஓவியருக்குப் பாவம், பெண்களை வரைய வரவில்லை" என்றார்.

தாடிக்காரத் தோழர் மறுத்தார். "தப்புங்க. முத்து ஒரு குறியீடு. நாயகன் ஏங்குவது வரப்போகும் புரட்சிக்காக." (நான் ஏங்கியது அவன் சைக்கிளில் பின்னால் உட்கார.)

அதற்குள் இதழ் அக்காவின் மடிக்கு வந்திருந்தது. படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். எழுந்தே விட்டாள்.

"பொம்பளைங்கள நல்லாத்தான் சார் போட்டிருக்கு, கதையில வர்ற அந்த அக்காவைப் பாருங்க. இது பையன்தான். இவனுக்கு அவனைப் புடிச்சிருக்கு. இதுல இன்னா சார் புரியல?"

'இவனுக்கு' என்றபோது அவள் விரல் படத்தின் மேல் இருந்ததா, என் பக்கம் நீண்டதா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. தமிழாசிரியர் தேநீர் வந்துவிட்டதாக அறிவித்தார். (வரவில்லை.)

பஸ் ஸ்டாண்டு வரை அக்கா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அப்பாவிடம் சொல்வாள், படிப்பு நிற்கும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்று எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தேன். நான் பஸ்ஸில் ஏறியதும் அவள் ஜன்னலோரம் வந்தாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பயந்துக்கினு கெடக்காத."

பஸ் நகர்ந்தது. கூடவே ஓடி வந்தாள்.

"ஆனா என் மூக்கை ஏன்டா அப்படிப் போட்ட?"

கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டியில்தான் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

பல வருடம் கழித்து, என்னோடு வாழ்பவரை முதன்முதலாக அக்கா வீட்டுக்கு அழைத்துப்போனேன். சோறு போட்டுக்கொண்டே அக்கா அவரிடம், "எல்லாம் சரி தம்பி, உங்களை வரையறேன்னு சொன்னா மட்டும் ஒத்துக்காதீங்க" என்றாள்.

இன்றும் குடும்ப விசேஷங்களில் நான் பேனாவை எடுத்தால் போதும், வரிசையாக எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.