புற்றை ஒழிக்கக் கிளம்பியவளின் விலகல் கடிதம்

வாடிப்பட்டி வட்டம்,
8–8–1983, திங்கள்.

மதுரை புற்றுநோய்த் தடுப்பு மக்கள் கல்விச் சங்கத்தின் மாண்புமிகு செயலாளர் திரு. அனந்தநாராயணன் அவர்களின் மேலான சமூகத்திற்கு, மேற்படி சங்கத்தின் கிராமத் தொண்டர் உ. ரெங்கம்மாள் பணிந்து எழுதிக்கொள்வது.

தங்கள் நலத்தையும் இல்லத்தார் நலத்தையும் விசாரித்தல் முறை. அம்முறைப்படி விசாரித்துக்கொண்டேன். என் நலம் எத்தகையது என்பதைக் கீழ்க்காணும் செய்திகளிலிருந்து தாங்களே உய்த்துணரலாம்.

நான் பள்ளி வாசலை மிதித்தவள் அல்லள். மளிகைப் பொட்டலங்களைப் பிரித்து, அத்தாள்களில் இருந்தவற்றை எழுத்துக்கூட்டி வாசித்தே தமிழ் பயின்றேன். எனினும் சென்ற மாசியில் தாங்கள் வாடிப்பட்டிச் சந்தைத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியபோது, கூட்டத்தில் ஒருத்தி மட்டும் இருந்த இடத்தைவிட்டு எழாமல் இருந்தாளே, அது நான்தான். புகையிலை அதக்குவோரின் கன்னத்தின் உட்புறம் என்று தாங்கள் காட்டிய அந்த வெள்ளைப் படலத்தை நான் முன்பே கண்டிருந்தேன். என் கணவரின் தங்கை ஒச்சாயியின் வாயில் கண்டிருந்தேன். ஆறு மாதமாக அவள் குழம்பு ஊற்றிக்கொள்வதில்லை. மோரை ஊற்றிப் பிசைந்து, ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள். கேட்டால் சூடு என்பாள். அவளை ஒரு மருத்துவர் முன் நிறுத்த வேண்டும் என்ற ஒரே நோக்கத்தால் தங்கள் சங்கத்தில் சேர்ந்தேன் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

நேற்றைய முகாமுக்கான அறிவிப்பை யானே இயற்றினேன். 'புற்றை அறிவோம்! புற்றை ஒழிப்போம்! ஞாயிறு காலை பத்து மணிக்குப் பள்ளியில் திரள்வீர்!' என்பது அதன் வாசகம். தாங்கள் அனுப்பிய மாதிரியில் 'புற்றுநோய்' என்றிருந்ததை மறுக்கவில்லை. நோய் என்ற சொல் வாசிப்போரை அச்சுறுத்தும் என்றும், வரியின் ஓசையைக் குலைக்கும் என்றும் கருதி அதனை நீக்கினேன். நடப்பதோ ஆடி மாதம். பள்ளியின் பின்சுவரை ஒட்டி வேப்பமரத்தடியில் ஆளுயரப் பாம்புப் புற்று ஒன்று இருப்பதும், அதற்கு ஆடி ஞாயிறுதோறும் ஊர்ப் பெண்கள் பால் வார்ப்பதும் எனக்குத் தெரியாதா? தெரியும். நானும் வார்ப்பவள்தான். ஆனால் வாக்கியம் அமைக்கும் வேளையில் அது என் நினைவுக்கு வரவில்லை. போதாக்குறைக்குத் தண்டோரா போடும் காசிமாயன், என் வாசகத்தை மூன்று தெருவுக்கு ஒழுங்காகச் சொல்லிவிட்டு, நாலாம் தெருவில் சுருக்கிவிட்டான். "பள்ளிக்கூடத்துப் புத்தை ஒழிக்க மதுரையிலருந்து வண்டி வருதாம், எல்லாரும் பத்து மணிக்கு வந்துருங்க சாமியோவ்" என்று முழங்கினானாம். பள்ளிக்கூடத்து என்ற சொல்லை அவனுக்கு யார் கொடுத்தது என்று கேட்டேன். "நீங்கதான மதினி பள்ளியிலன்னு எழுதியிருந்தீக" என்கிறான்.

ஞாயிறு பத்து மணிக்குத் தங்கள் மருத்துவர் ஜானு அம்மையார் வண்டியில் வந்து இறங்கினார். பள்ளிக்குள் பலகைகளும் நானும் மட்டுமே இருந்தோம். பத்தரைக்குச் சுவருக்கு அப்பால் இரைச்சல் கேட்டு எட்டிப் பார்த்தால், அறுபது பெண்கள் புற்றைச் சுற்றி நிற்கிறார்கள். பாதிப் பேர் கையில் பால் செம்பு, பாதிப் பேர் கையில் விளக்குமாறு, முன்வரிசையில் ஒச்சாயி. சனிக்கிழமை மாலைவரை முகாமுக்கு வருவதாக என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தவள்.

"ஏன் மதினி, எழுதப் படிக்கத் தெரியும்னா ஆத்தா வீட்டை இடிக்க எழுதிக் குடுத்துருவீகளோ?" என்றாள்.

இது வேறு புற்று, உடலுக்குள் வளர்வது என்று நான் விளக்கத் தொடங்கினேன். "ஒடம்புக்குள்ள புத்தா? அப்ப பாம்பு எங்க கெடக்கும்?" என்று பால் செம்போடு நின்ற தங்கப்பொண்ணு கேட்டாள். இதற்குள் அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்து வந்துவிட்டார். ஒச்சாயி முறையாக வைய வேண்டுமே என்று வாயிலிருந்த புகையிலையைத் துப்பிவிட்டு ஆரம்பித்தாள். அம்மையார் அவள் வாயை உற்றுப் பார்த்து, "அம்மா, வாயை நல்லாத் திறந்து வைங்க" என்றார். திறந்தபடி இருங்கள் என்பது அவர் கருத்து. எங்கள் ஊரில் வைவது என்றால் ஏசுவது. "நல்லா வையணுமா? இந்தா, வாங்கிக்க" என்று ஒச்சாயி கால் மணி நேரம் வைதாள். ஐயா, அவள் வாயில் வந்தவற்றை என் பேனா எழுதாது. அத்தனையையும் அம்மையார் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, டார்ச் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரு துண்டுச் சீட்டை என்னிடம் தந்தார். இடது கன்னம், தாமதம் கூடாது, வியாழக்கிழமை கட்டாயம் மதுரைக்கு அழைத்து வரவும் என்று எழுதியிருந்தார்.

அச்சீட்டோடு நேற்று மாலையும் இன்று காலையும் ஒச்சாயி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல. இந்தா, கருவாட்டுக் கொழம்பு ஊத்தித்தான் திங்கிறேன். ஒண்ணும் எரியல, போங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அடுத்த கவளத்துக்கு அவள் பல்லைக் கடித்து மூச்சை இழுத்ததும் வெளியே கேட்டது. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் என் கணவர், "நோயின்னு ரெண்டெழுத்து கூடப் போட்டா ஒம் பேனாவுல மை தீர்ந்துருமாக்கும்" என்கிறார். அவருக்கு அவள் ஒரே தங்கை. அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். இம்புட்டும் என் ஒரு வரியால் வந்தது ஐயா. ஓசை நன்றாக இருக்கிறதே என்று அதை மூன்று முறை வாசித்து வேறு மகிழ்ந்தேன்.

ஆகவே, அறிவூட்டும் தகுதி எனக்கு இல்லை என்பதை உணர்ந்து, தொண்டர் பொறுப்பிலிருந்து இன்றோடு விலகுகிறேன். விளக்கப் படங்களையும் சட்டையில் குத்தும் வில்லையையும் தனியே அனுப்பிவைப்பேன். தங்கள் குலம் தழைக்க, சங்கம் ஓங்க, என்னைப் போன்ற தொண்டர் இனி தங்களுக்கு வாய்க்காதிருக்க, எங்கள் ஆத்தாவை வேண்டுகிறேன். ஜானு அம்மையாரின் பாதங்களுக்கு என் வணக்கம்.

தங்கள் அன்பை இழந்த,
உ. ரெங்கம்மாள்

பின்குறிப்பு: செவ்வாய் காலை. அஞ்சலில் சேர்க்கப் புறப்பட்ட வேளையில் ஒச்சாயி வந்தாள். வியாழக்கிழமை வருகிறாளாம். "இம்புட்டு வஞ்சும் அந்தப் பிள்ள மொகஞ்சுழிக்காம நின்னுச்சே மதினி. கட்டுன மனுசன்கூட நான் பேசுறப்ப இப்பிடிப் பாத்ததில்ல" என்கிறாள். தனியாகப் போனால் தோற்றதாகிவிடும் என்று, விளக்குமாற்றோடு நின்றவர்களில் பதினோரு பெண்களைக் கூட்டி வருகிறாள். பன்னிரண்டு பேருக்கும் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யக் கோருகிறேன்.

புறப்படும்போது என்னை ஓரமாக அழைத்து, "வெளக்கடிச்சுப் பாத்தப்ப அந்தப் பிள்ள மூஞ்சி மாறுச்சா மதினி?" என்று மெல்லக் கேட்டாள். மாறவே இல்லை என்றேன். மாறியது. நான் பார்த்தேன். தொண்டர் பொய்யுரைக்கலாகாது என்று சங்கத்தில் விதி இருந்தால், மேற்கண்ட விலகலை இந்தப் பொய்க்காகவே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வியாழக்கிழமைக்குப் பிறகு.