கால் மட்டும் என்னுடையது

உலகத்தில் உருப்படியான எதுவாக இருந்தாலும் தமிழ்நாட்டிலிருந்துதான் கப்பலேறிப் போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்பிவந்த காலத்தில், என்னை அந்த நம்பிக்கையோடு சேர்த்துத் தரையில் கிடத்திய ஒரே மனிதர் வேர்க்காரர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரங்கூன் டல்ஹௌசி தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் மெஸ். அரிசிக் கம்பெனிகளில் பேனா பிடிக்கும் பதினொரு கிராணிகள். கீழே லிம் சயாவின் சீன மருந்துக்கடை. சயா என்றால் பர்மியில் வாத்தியார். பகலில் மருந்து விற்பார், மாலையில் புழக்கடையில் சீனக் குத்துவித்தை கற்றுக்கொடுப்பார். இரண்டு தொழிலும் ஒன்றுக்கொன்று ஆள் பிடித்துக் கொடுத்தன.

அந்தக் கடையின் வாசல் மூலையில் ஒரு மரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார் வேர்க்காரர். கொரியா தேசத்திலிருந்து ஜின்செங் வேர் விற்க, நடந்தும் மிதந்தும் வந்து சேர்ந்தவர். துறைமுகக் கூலிகளிடம் தமிழ் கற்றதால் வசவுகள் மட்டும் இலக்கண சுத்தமாக வரும்.

"இதைத் தின்னா என்னய்யா ஆகும்?" என்று யாராவது கேட்டால் வாயால் பதில் சொல்லமாட்டார். எழுந்து, களிமண் மிதிப்பவர்போல முன்னும் பின்னுமாக மூன்றடி ஆடுவார். அடுத்த கணம் கேட்டவரின் தொப்பி அவர் கால்விரலில் தொங்கும். கேட்டவரின் தலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். "வயசு எழுவது," என்பார். வாங்க வந்தவர் கிழவராக இருந்தால் எண்பது. ஆளுக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. எங்கள் மெஸ் மானேஜர் பிள்ளையவர்களின் தலைப்பாகையைக் காலால் எடுத்து, காலாலேயே திரும்ப வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். முன்பைவிட நேராக இருந்தது.

இந்தக் காலைப் பார்த்துத்தான் லிம் சயாவுக்கு ஆசை வந்தது. சிவப்புப் பலகை ஒன்று எழுதி வாங்கிவந்தார். 'சீனத்தில் பிறந்து, கொரியா போய்த் திரும்பிய உதை' என்று அதில் தங்க எழுத்தில் இருந்ததாம். வேர்க்காரர் அதன் கீழே உட்கார்ந்து மாணவர்களை ஈர்க்க வேண்டும். இல்லையென்றால் மூலையைக் காலி செய்ய வேண்டும். மழைக்காலம் வேறு. அந்த வேர் நன்றாக ஒருமுறை நனைந்தால் அப்புறம் சாம்பாருக்குக்கூட ஆகாது.

வேர்க்காரர் மாட்டேன் என்றார். வழக்கு மாடிக்கு வந்தது. இரண்டு பக்கமும் சேராத அறிவாளி ஒருவர் தேவைப்பட்டார். மதராஸ் பத்திரிகையை ஒரு வாரம் தாமதமாக, ஆனால் உரக்கப் படிக்கும் வழக்கம் எனக்கு இருந்தது. போதாதா?

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மணை ஒன்றின்மேல் நீதிபதி அமர்ந்தார்.

லிம் சயா ஆரம்பித்தார். "கிராணி, கேளு. இவங்க ராஜா ஒருத்தரு சண்டைப் புஸ்தகம் போட்டாரு, படத்தோட. அதுல குத்து வர்ற பக்கமெல்லாம் எங்க சீன ஜெனரல் எழுதினதைப் பார்த்து எழுதினது. வேணும்னா இவனையே கேளு!"

"ஆமா," என்றார் வேர்க்காரர்.

திடுக்கிட்டேன். கட்சிக்காரர்கள் இப்படி உண்மை பேச ஆரம்பித்தால் நீதிமன்றங்கள் என்ன ஆவது?

"குத்து அவனுது. சரி. இந்தக் கால் எங்களுது. திருவிழாவுல ஊருக்கு ஊர் எதிரா நின்னு ஆடுவோம். விழுந்தவன் தோத்தான். அதை எந்த ஜெனரலும் எழுதலை."

"காலும் எங்களுதுதான்!" என்று துள்ளினார் லிம் சயா. "எங்க மலை மடத்துல ஆதியில ஒரு சாமியாரு சொல்லிக் குடுத்தாரு. கை, கால், எல்லாம்!"

"எந்த ஊர்ச் சாமியார்?" என்றேன், காதைத் தீட்டிக்கொண்டு.

"உங்க இந்தியா. தெக்குப் பக்கம்னு சொல்வாங்க."

அது வெறும் கட்டுக்கதை என்று பிற்பாடு படித்தேன். அன்று அதற்குமேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. தெற்கு என்றால் காஞ்சிபுரம். காஞ்சிபுரத்திலிருந்து சீனா, சீனாவிலிருந்து கொரியா. ஆகவே இரு கட்சிக்காரர்களும் ஒரு தமிழ்க் கலையைத் தப்புத்தப்பாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தீர்ப்பளித்தேன். மெஸ்ஸே கைதட்டியது. அந்தப் பதினொரு பேரில் ஒரு கொசுவைக்கூடக் குறி தவறாமல் அடித்தவர் கிடையாது.

வேர்க்காரர் எழுந்தார். வசவு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"கிராணித் தம்பி, எங்க நாடு இப்போ ஜப்பான்காரன்கிட்ட. பாஸ்போர்ட்டுல நானே ஜப்பான்காரன். கை சீனாக்காரனுதுன்னு ஒத்துக்கிட்டேன். மிச்சம் இந்தக் கால் ரெண்டுதான். அதையும் நீ காஞ்சிபுரத்துக்கு அனுப்பிட்டா, நான் எதுல நிக்கிறது? எந்திரி. உன் பாட்டன் வித்தையைக் காட்டு."

நீதிபதி எழுந்தார். எதிரே களிமண் மிதிபடுவதைப் பார்த்தார். பிறகு மேலே உத்தரத்தைப் பார்த்தார். இடையில் நடந்த எதையும் அவர் பார்க்கவில்லை. ஆனால் வலியே இல்லை. ஏன் என்று சற்றுக் கழித்துத்தான் புரிந்தது. என் தலை தரைக்கு வருமுன்பே வேர்க்காரருடைய உள்ளங்கை அங்கே போய்க் காத்திருந்தது.

"விழவைக்கிறதுதான் ஆட்டம்," என்றார். "உடைக்கிறது இல்லை."

தன் பரம்பரையையே காஞ்சிபுரத்துக்குப் பறிகொடுத்த லிம் சயா, என்மேல் காட்ட முடியாத கோபத்தில், மரப்பெட்டியைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டார். தூறல் ஆரம்பித்திருந்தது.

பிள்ளை என்னைப் பார்த்தார். "தீர்ப்புச் சொன்னீரே கிராணியாரே, பெட்டியையும் நீரே தூக்கும்!"

தூக்கினேன். மாடிப்படித் திருப்பத்தில் கடை வைத்துக்கொடுத்தோம். அதன்பிறகு உதைபட்ட தொப்பிகள் படிகளில் உருண்டு, நேராக மருந்துக்கடைக்குள் போய் விழுந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுக்க முனகிக்கொண்டே மேலே வரும் லிம் சயா, கால் யாருடையது என்று அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டுத்தான் இறங்குவார். கூரை ஒழுகிய ஒருநாள், சிவப்புப் பலகையை அவரே கொண்டுவந்து பெட்டிக்கு மூடியாகப் போட்டார். எழுத்து உள்பக்கமாக.

இரண்டு மழைக்காலம் இருந்துவிட்டு வேர்க்காரர் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். கடிதம் வரவில்லை. அவர் காலால் எழுதப் பழகவில்லை என்று பிள்ளை சமாதானம் சொன்னார்.

எனக்கு இப்போது ஐம்பது ஆகிறது. குளியலறையில், டிராமில், கட்டுரைகளில் என்று அடிக்கடி விழுகிறேன். விழுகிற அந்த அரைக்கணத்தில், என் பின்தலை இன்னமும் அந்த உள்ளங்கையைத் தேடுகிறது.