அம்பு டீச்சர் போட்ட வட்டம்

மூன்றாம் மாடியில் இன்னொரு துணிக்கொடி காலியாகிவிட்டது. கீழே நின்று அண்ணாந்து பார்த்த அம்பு டீச்சர், கையிலிருந்த கட்டடப் படத்தில் அந்த வீட்டைக் கோடு போட்டு அடித்தாள். பதினாறு வீடுகளில் இப்போது பதினொன்றில்தான் ஆட்கள் இருந்தார்கள். மாதக் கடைசியில் எண்ணும்போது எட்டுக்குக் குறைந்தால் இடித்துவிடுவது என்று வீட்டுவசதி அலுவலகத்தில் விதி.

கல்லூரியில் அவள் நடத்திய பாடமே வீடுகளைப் பற்றியதுதான். "எந்த வீட்டையும் தனியாப் பாக்காதீங்க. ஒண்ணைத் தள்ளினா அது இன்னொண்ணைத் தள்ளும். சுத்தி வந்து கடைசியில தள்ளினவங்களையே தள்ளும்" என்று சொல்லிக்கொண்டே பலகை நிறைய அம்புகளாகப் போடுவாள். பட்டப்பெயர் அப்படி வந்தது. இந்தக் கட்டடத்தை விட்டு மக்கள் ஏன் போகிறார்கள் என்று கண்டுபிடித்து, மிச்சமிருப்பவர்களைக் காப்பாற்றிவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

முதல் மாடித் தையல்காரம்மாவிடம் கேட்டாள்.

"ஏன்க்கா எல்லாரும் போறாங்க?"

தையல்காரம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள். "உங்க காலேஜ் பசங்க டேப்பை வச்சுக்கிட்டு சுவரு சுவரா அளக்குறாங்களே, எதுக்கு? அளக்க வர்றவன் ஒண்ணு கட்ட வருவான், இல்ல இடிக்க வருவான். இங்கதான் ஏற்கெனவே கட்டியாச்சே!"

டீச்சர் நின்ற இடத்திலேயே புதிதாக ஓர் அம்பு வரைந்தாள். அது அவளிடமிருந்தே புறப்பட்டது. அன்றே மாணவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டினாள்: 'இந்தக் கட்டடம் இடிக்கப்படாது. யாரும் பயப்பட வேண்டாம்.'

அதுவரை பயப்படாதவர்கள் அதைப் படித்துவிட்டுப் பயந்தார்கள். ஒரே வாரத்தில் மூன்று வண்டிகள் மூன்று வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போயின.

அறிவிப்பைக் கிழித்தாள்.

"கிழிச்சுட்டாங்களா? அப்ப முடிவாயிடுச்சு" என்று இரண்டாம் மாடி லாரிக்காரர் கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தார். ஏழு.

டீச்சர் இரவெல்லாம் யோசிக்கவில்லை, யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு பெட்டியும் மேசை விளக்கும் புத்தகங்களுமாகத் தானே குடிவந்துவிட்டாள். எட்டு.

"ஆபீசரம்மாவே வந்து உக்காந்துட்டாங்க. கடைசி ஆளு கிளம்புறவரைக்கும் கூட இருந்து பாக்கப்போறாங்க" என்று டீச்சரைப் பற்றிப் படிக்கட்டில் பேச்சு. வீடுகள் மளமளவென்று காலியாயின. கடைசியில் தையல்காரம்மாவும் மிஷினைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"உங்களுக்கு நல்லது செய்யத்தானேக்கா வந்தேன்?"

"நீ நல்லவதான் தங்கச்சி. அதான் பயமா இருக்கு."

எல்லாரும் போகிற கட்டடத்துக்குப் புதிதாக வந்தவர் ஒரே ஒருவர்தான். டீச்சர் குடிவந்த அடுத்த வாரமே நான்காம் மாடியில் குடியேறிய மூக்குக்கண்ணாடிக்காரர். தினமும் காலையில் படிக்கட்டில் கேட்பார்:

"இன்னும் இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன் சார்."

தலையாட்டிவிட்டுச் சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொள்வார். பால் கணக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டடம் முழுக்க இரண்டே கொடிகளில் துணி காய்ந்தது. கல்லூரியில் அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பெட்டியைக் கட்டிவிட்டு மறுபடி பிரித்தாள். ஒரு மனிதர் தன்னை நம்பி இருக்கும்போது எப்படிப் போவது?

மாதத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள். கனத்த மனத்தோடு நான்காம் மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டினாள்.

"நாளைக்கு எண்ண வருவாங்க சார். நான் தோத்துட்டேன். ஆனா நீங்க ஒருத்தராவது கடைசிவரைக்கும் இருந்தீங்க. உங்களுக்காகத்தான் நானும் போகாம இருந்தேன். நீங்க ஏன் போகல, அதை மட்டும் சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் பரபரப்பாக நோட்டைத் திறந்து அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். பிறகு நிமிர்ந்தார்.

"நான் எப்படி மேடம் போறது? எல்லாரும் ஓடுற கட்டடத்துல ஒரு அம்மா மட்டும் ஏன் ஒட்டிக்கிட்டு இருக்காங்கன்னுதான் எங்க காலேஜ்ல என்னை ஆராய்ச்சிக்கு அனுப்பியிருக்காங்க!"