கம்பளி போர்த்திய கரண்ட் குக்கர்

வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாயைத் திறந்தால் “அங்கெல்லாம்...” என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துவிட்டு, ஹல்துமுல்லைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பியபோது என்னோடு ஒரு கரண்ட் குக்கரும் வந்திறங்கியது. சோறு, கஞ்சி, தயிர் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பொத்தான்.

“அங்கெல்லாம் தயிருக்கு ஒரு பொத்தானை அமுக்கினாப் போதும்மா” என்று நான் சொல்லாத நாள் இல்லை.

அம்மாவின் தயிர் வேறு மாதிரி. எங்கள் குளிரில் பால் லேசில் உறையாது. கொழுந்து பறிக்கப் போகும்போது மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பழைய கம்பளியைத் தயிர்ச்சட்டிக்குச் சுற்றி அடுப்போரமாக வைப்பாள். மார்கழிப் பனியில் நானும் தங்கச்சி செல்வியும் ஒரே போர்வைக்குள் வெடவெடத்துக் கிடப்போம். கம்பளி சட்டிக்குத்தான். (அந்தத் தயிரின் ஆடையை நினைத்தால் அம்மாவை மன்னித்துவிடலாம்.)

செல்வியைப் பெண் பார்க்க லுணுகலையிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை பதுளையில் போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையின் போட்டோ செல்வியின் தலையணைக்கு அடியில் இருந்ததை நான் பார்த்துவிட்டேன். எப்படியாவது இது அமைந்துவிட வேண்டுமே என்று தவித்தேன். தவிப்பில் பேசாமல் இருந்திருக்கலாம். விருந்துக்குத் தயிர் என் பொறுப்பு என்று அறிவித்தேன்.

“வேணாம்டி, நான் சட்டியிலயே ஊத்திடுறேன்” என்றாள் அம்மா.

“சும்மா இரும்மா. அசந்துபோவாங்க பாரு.”

பிளக் இருந்தது விருந்தாளிகள் உட்காரும் முன் காம்பராவில் மட்டும்தான். அங்கே மூலையில் ஒரு நாற்காலி போட்டு, விடியுமுன்பே உறை ஊற்றி, தயிர்ப் பொத்தானை அமுக்கினேன். அத்தோடு கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அவர்கள் வரும் நேரம் பார்த்துப் பனி இறங்கியது. மிசின் குவைத் வெயிலில் பழகியது, நம்ம ஊர்க் குளிர் அதற்குப் புதுசாயிற்றே என்று எனக்குப் பாவமாகிவிட்டது. அம்மாவின் கம்பளியை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். மேலே அப்பாவின் குரங்குத் தொப்பியையும் மாட்டினேன். கட்டும்போது என் முழங்கை பட்டு உள்ளே “கீங், கீங்” என்றது. நன்றி சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (கஞ்சிப் பொத்தான் அமுங்கியது பிறகுதான் தெரிந்தது.)

வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பிளேன்டீ குடித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மூலையைப் பார்த்தார்.

“ஐயோ பாவம், யாருங்க அது? புள்ளைக்குக் காய்ச்சலா?”

தயிரைக் கடைசியில் கொண்டுவந்து அசத்த வேண்டும் என்பது என் திட்டம். இப்போதே விஷயத்தை உடைக்க மனசு வரவில்லை. தலையை ஆட்டித் தொலைத்தேன்.

அந்த அம்மா இளகிய மனசுக்காரி. எழுந்து போய்த் தொப்பிக்குக் கீழே கை வைத்தார். “அம்மாடி! நெருப்பாக் கொதிக்குதே! ஆஸ்பத்திரிக்குத் தூக்காம என்னங்க செய்றீங்க?”

மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “வீட்டுல சின்னப் புள்ளைங்க இல்லன்னுதானே தரகர் சொன்னாரு? இது யாரு புள்ள?”

எங்கள் அப்பா என்னைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள். தங்கச்சி வாழ்க்கையை நாசமாக்கிவிட்டேனே பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்போது பிள்ளை “புஸ்ஸ்ஸ்” என்று சீறியது. தொப்பி எழும்பியது. கம்பளி முழுக்க ஆவி. மாப்பிள்ளையின் அம்மா “முருகா!” என்று அலறிப் பின்னால் சாய்ந்தார்.

மாப்பிள்ளை மட்டும் நிதானமாக எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

“அம்மா, இந்தப் புள்ளைக்கு வயர் இருக்கு.”

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. செல்விதான். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் அப்படிச் சிரிக்கலாமா? அம்மா தலையில் கை வைத்தாள். மாப்பிள்ளையோ திரையையே பார்த்து நின்றார், பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். கடைசியில் அவருடைய அப்பாவும்.

தயிர் என்று ஒன்றும் இல்லை. திரிந்த பாலும் தண்ணீருமாகக் கிடந்ததை வெட்கத்தோடு திறந்தேன். மாப்பிள்ளை அதில் இனிப்புக்குக் கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றார். அந்தப் பொய்யிலேயே நிச்சயம் ஆகிவிட்டது.

கல்யாணமாகி அடுத்த மார்கழியில் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளைதான் போன் செய்தார்.

“அக்கா, பொம்பளப் புள்ள. நல்லாத் திருப்பிப் பாத்துட்டேன். வயர் இல்ல.”

அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “கம்பளிய எடுடி, போவோம்” என்றாள்.

அம்மா இப்போது இல்லை. கம்பளி செல்வி வீட்டில் இருக்கிறது. மகளுக்குக் காய்ச்சல் வந்தால் அதைத்தான் போர்த்துகிறார்களாம். அன்றைக்கெல்லாம் எனக்கு மாப்பிள்ளையிடமிருந்து ஒரு போன் வரும்.

“அக்கா, புள்ளைக்கு லேசாக் காய்ச்சல். பயப்படாதீங்க, பிளக்கைக் கழட்டிட்டோம்.”