கிழவனை வெளியே உட்கார வைத்த விவகாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று முறையாக ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இந்த வீட்டில் யாரும் நலமில்லை என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய்; அதனால் நான் பேனாவை எடுத்திருக்கிறேன். "ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன். அப்பாவோட துணிமணியை எடுத்து வை" என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறாயே, அதை அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை. காட்டுகிற தைரியம் எனக்கில்லை.

நம் குடும்பக் குழுவில் நான் போட்டது இதுதான்: "கிழவனை வெளிய உட்கார வச்சாச்சு. முழங்கால் போயிடுச்சு. இனிமே தேற மாட்டான். நல்ல விலை வந்தா தள்ளிவிட வேண்டியதுதான்." தாயே, அது அப்பா இல்லை! என் கோல்கீப்பர்! ஆபீஸ் குழுவுக்குப் போகவேண்டியது, விரல் தவறி உங்களிடம் வந்துவிட்டது. பதறிப்போய், "அது அப்பா இல்ல, கோல் பிடிக்கிற கிழவன்" என்று விளக்கம் வேறு போட்டுத் தொலைத்தேன். உடனே சித்தி, "அடப்பாவி, எங்க அத்தானைக் கோல் பிடிச்சு நடக்கிற நிலைமைக்குக் கொண்டுவந்துட்டியா!" என்று ஆரம்பித்துவிட்டாள். பெரிய மாமா எதுவும் எழுதாமல் அழுகிற முகங்களாக வரிசையாக அனுப்பினார். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், கேள். எங்கோ நிஜமாகவே கால்பந்து ஆடுகிறவர்களில் சிலரை, "இவன் என் ஆள்" என்று நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு பொறுக்கிக்கொள்ள வேண்டும். அவன் அங்கே கோல் அடித்தால் நமக்கு இங்கே புள்ளி. வாங்குவது, விற்பது, ஆட்டத்துக்கு இறக்காமல் வெளியே உட்கார வைப்பது எல்லாம் வெறும் கற்பனை. அவர்களுக்கு நம்மைத் தெரியாது. நமக்கு அவர்களுடைய தொடைத்தசை வரைக்கும் தெரியும். எங்கள் லிப்ட் கம்பெனியில் மேனேஜர் முதல் மெக்கானிக் வரை ஆளுக்கொரு அணி. என் அணியின் பெயர் 'எரிமலை'. முதலிடத்தில் இருப்பது ஸ்டோர்ஸ் அம்மாவின் அணி. அதன் பெயர் 'சும்மா வந்தேன்'. அந்த அம்மா போல்ட் நட்டை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, தலையைக் கூட நிமிர்த்தாமல், "எரிமலை சார், உங்க ஆளுங்கள்ல ஓடுறவனைவிடப் படுத்திருக்கிறவன் ஜாஸ்தியா இருக்கே, அது டீமா, ஆஸ்பத்திரி வார்டா?" என்று கேட்பார். சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்துத் தொலைக்க வேண்டும்.

இதில் தண்டனை வேறு உண்டு. கடைசியாக வருகிறவர் அடுத்த வாரம் முழுக்க லிப்டைத் தொடக்கூடாது. ஆபீஸ் இருப்பது ஐந்தாவது மாடியில். போன வாரம் கடைசி யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மெக்கானிக் ஒருவன், தான் ரிப்பேர் பார்த்த லிப்டிலேயே இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டதால் அவனுக்குப் 'பாதிமாடி' என்றே பெயர். அவன் ஒவ்வொரு மாடியிலும் லிப்டை நிறுத்தி, கதவைப் பிடித்துக்கொண்டு, "சார், அடுத்த மாடியில பார்க்கலாம். வந்துருவீங்கல்ல?" என்று விசாரித்தான். அந்த நேரம் பார்த்து, புது லிப்டுக்குக் கையெழுத்துப் போட வந்தவர் நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், உங்க லிப்ட்ல நீங்களே ஏற மாட்டீங்களா?" என்றார். "டாக்டர் நடக்கச் சொன்னாருங்க" என்று அளந்தேன். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிப் போய்விட்டார். மேனேஜர் மட்டும் என்னைத் திட்டவில்லை, ஏனென்றால் அவர்தான் கடைசிக்கு முந்தின இடம்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். தரைத்தளத்தில் இருக்கிற கீழ் வீட்டுக்காரர் வழக்கம்போல் தெருத்தூசியைத் திட்டிக்கொண்டு ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நம் வீடு மூன்றாவது மாடி. லிப்ட் கம்பெனிக்காரன் வீட்டில் லிப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் முழங்கால் மக்கர் பண்ண, சுவரில் கையை ஊன்றினேன். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கை ஊன்றி ஊன்றிச் சுண்ணாம்பு கறுத்துப் போயிருந்தது. என் கை வைத்த அதே உயரத்தில். அப்பாவின் கை, அக்கா. தினமும் தெருமுனை வரை போய் நாலு பேரோடு வம்பளந்துவிட்டு வருகிற மனுஷர், இப்போதெல்லாம் காலையில் கேட்டால் "வெயிலா இருக்குடா" என்பார், சாயங்காலம் கேட்டால் "பனி அடிக்குதுடா" என்பார். நானும் நம்பினேன். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று நான் அளந்தேனே, அதே கதைதான் இதுவும். எந்த ஆட்டக்காரனுக்கு எந்தக் காலில் அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற நான், அப்பாவுக்கு எந்தக் கால் வலிக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "ரெண்டும்தாண்டா. இதுல போட்டியா வேற?" என்றார்.

அதனால் நீ சொன்னதுதான் சரி. உன் வீடு தரையோடு இருக்கிறது, வாசலைத் தாண்டினால் தெரு. கூட்டிக்கொண்டு போ. துணிமணியை நானே மடித்து வைக்கிறேன். "டிவி சத்தத்தைக் குறைடா" என்று அதட்ட ஆளில்லாமல் நான் எப்படி இருப்பேனோ தெரியவில்லை; அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இந்த விளையாட்டும் வேண்டாம் என்று இன்று ஆபீஸில் சொல்லிவிட்டேன். ஸ்டோர்ஸ் அம்மா ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நம் வீடு எத்தனையாவது மாடி என்று மட்டும் அந்த அம்மா கேட்டுக்கொண்டார்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்தக் குழுவில் எதைப் போடுகிறோம் என்று பார்த்துப் போடுகிற புத்தியோடு நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கிழவனை விற்காத உன் தம்பி

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. உறையை ஒட்டப் போகும்போது பாதிமாடி அளவு நாடாவோடு வந்து நின்றான். படியோரமாக நாற்காலி லிப்ட் வைக்க முடியுமா பார் என்று ஸ்டோர்ஸ் அம்மா அனுப்பினாராம். படி குறுகல், முடியாது. திரும்பிப் போகும்போது கீழ் வீட்டில் தண்ணீர் கேட்டிருக்கிறான். அவர் தூசிப் புராணத்தை ஆரம்பிக்க, இவன் சும்மா இல்லாமல், "அப்போ மேல போயிடுங்களேன்" என்றானாம். "யாரு தர்றாங்க?" என்றாராம் அவர். வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று இத்தனை வருஷமாக அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை! இனி அவர் மேலே, நாங்கள் கீழே. வீட்டுச் சொந்தக்காரரும் சரி என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நீ வா. அப்பாவை ஏற்றிப் போக இல்லை, சாமான் இறக்க. ஆபீஸே வருகிறது. இந்த வாரம் கடைசியாக வருகிறவர் பீரோ தூக்க வேண்டும் என்று ஸ்டோர்ஸ் அம்மா விதியை மாற்றிவிட்டார். மேனேஜர் இப்போதே முதுகுவலி என்கிறார். நானும் விளையாட்டை விடவில்லை. அப்பாவே ஓர் அணி ஆரம்பித்திருக்கிறார். முதல் ஆளாக என் கோல்கீப்பரைத்தான் எடுத்தார். "முழங்கால் போனா என்னடா, கை இருக்குல்ல?" என்கிறார். இன்னொன்று, ஞாயிறு மத்தியானம் நம் குழுவில், "கிழவனைக் கீழ இறக்கியாச்சு, இனிமே மேல ஏத்த மாட்டோம்" என்று ஒரு செய்தி வரும். சித்தி பதறாமல் பார்த்துக்கொள். இந்தத் தடவை அது அப்பாதான்.